இரண்டரைக் கட்டைக்கு எந்தத் தந்தி?

வயலினுக்குப் புதுத் தந்தி மாற்றியவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கடைக்காரர் தந்திகளை மாட்டி, மேற்கத்திய முறைப்படி, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டி, நாலு வில் போட்டுக் காட்டுகிறார். கடை முழுக்க நாதம் நிறைகிறது. அதே வயலினை வீட்டுக்குக் கொண்டுவந்து, தம்பூராவை ஒலிக்கவிட்டு, ச-ப-ச-ப என்று இரண்டரைக் கட்டைக்கு இறக்கியதும் ஒலி தொய்ந்துவிடுகிறது. மந்தர ஸட்ஜம் கரகரக்கிறது. முதல் தந்தியில் கொஞ்சம் அழுத்தினால் சுரம் பிசிறுகிறது. வில் சரியில்லையோ, பிசின் போதவில்லையோ, கை இன்னும் படியவில்லையோ என்று மாணவர் தன்னையே சந்தேகிக்கிறார். பிறகு இன்னும் விலை கூடிய தந்தி வாங்குகிறார். அதற்கும் அதே கதிதான்.

அந்தத் தந்திகளில் குறை ஏதும் இல்லை. அவை எந்தச் சுருதிக்காகச் செய்யப்பட்டனவோ அந்தச் சுருதியில் நாம் அவற்றை வைக்கவில்லை என்பதுதான் சங்கதி. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால், தந்தி வாங்கும்போது எந்த நிறுவனம் உசத்தி என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

தந்தியின் சுரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: நீளம், இழுவிசை, ஒரு சாணுக்கு எவ்வளவு கனம் என்ற அளவு. பிரான்ஸில் மரேன் மெர்சென் என்ற துறவி 1636இல் வெளியிடத் தொடங்கிய தம் பெருநூலில் இம்மூன்றுக்கும் உள்ள உறவை விதிகளாகவே எழுதிவைத்தார். நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். இழுவிசையை நான்கு மடங்காக்கினாலும் ஒரு ஸ்தாயிதான் ஏறும். கனத்தை நான்கு மடங்காக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். முழு அளவு வயலினில் குதிரைக்கும் மேல்முனைக்கும் இடையே தந்தி ஆடும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதை நம்மால் மாற்ற முடியாது. மாட்டிய தந்தியின் கனமும் மாறாது. ஆகவே பிருடையைத் திருகிச் சுருதியை இறக்கும்போது நாம் குறைப்பது இழுவிசையை மட்டுமே. அதுவும் சுரம் இறங்கும் விகிதத்தைவிட வேகமாகக் குறைகிறது.

எவ்வளவு வேகமாக என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டரைக் கட்டை என்றால் ஆர்மோனியத்தின் இரண்டாவது கறுப்புக் கட்டை. அந்தச் சுருதியில் வயலினின் முதல் தந்தி, அதாவது மெல்லிய ஈ தந்தி, மத்யஸ்தாயிப் பஞ்சமத்தில் நிற்கிறது. நொடிக்கு 659 முறை அதிரும்படி செய்யப்பட்ட தந்தி இப்போது 466 முறை அதிர்கிறது. பியானோக் கட்டைகளில் எண்ணினால் ஆறு அரைச்சுரம் இறக்கம். இந்த ஆறு அரைச்சுரத்துக்கு இழுவிசை சரியாகப் பாதியாகிவிடுகிறது. அடுத்த ஏ தந்திக்கும் இதே ஆறு அரைச்சுரம், இதே பாதி. தடித்த இரண்டும் நான்கு அரைச்சுரம் இறங்குகின்றன. அவற்றில் மிஞ்சுவது 63 சதவீதம்.

கிலோவில் சொன்னால் இன்னும் உறைக்கும். மேற்கத்திய சுருதியில், சாதாரண நடுத்தர இறுக்கமுள்ள தந்திகளில் ஈ சுமார் 7.5 கிலோ, ஏ 5.5 கிலோ, டி, ஜி இரண்டும் தலா 4.5 கிலோ என்ற அளவில் இழுக்கின்றன. மொத்தம் 22 கிலோ. அதே தந்திகள் இரண்டரைக் கட்டையில் 12 கிலோதான் இழுக்கின்றன. ஒரு கட்டைக்கு இறக்கினால் 9 கிலோகூட இல்லை. ஐந்து கட்டைக்கு வைத்தால் 19 கிலோ. பெண் பாடகருக்கு வாசிக்கும்போது கணீரென்று ஒலிக்கும் வயலின் ஆண் பாடகருக்கு வாசிக்கும்போது சோர்ந்துபோவதும், பக்கவாத்தியக்காரர்கள் சிலர் இரண்டு வயலின் வைத்திருப்பதும் இந்தக் கிலோக் கணக்கால்தான்.

பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) இந்த வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. அது வரும்வரை ஆண் பாடகர்கள் பலர் நாலு கட்டைக்குப் பக்கத்திலேயே பாடினார்கள். இன்றைய தந்தியை அந்த நாலு கட்டைக்குக் கட்டினால் 15 கிலோ நிற்கும். ஒலிபெருக்கி வந்து சாரீரங்கள் நிதானமாகக் கீழே இறங்கின. அவற்றோடு வயலின் தந்திகளும் தளர்ந்தன. தந்தி செய்யும் வியன்னாவுக்கும் ஜெர்மனிக்கும் இந்த மாற்றத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அங்கே ஈ தந்தி ஈயாகவே இருந்தது.

தளர்ந்தால் என்ன நஷ்டம்? சுரம் சரியாகத்தானே பேசுகிறது? இதற்குப் பதில் தெரிய வில்லின் அடியில் தந்தி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வில் போடும்போது தந்தி நடுவில் பெருத்து இரு முனையிலும் ஒடுங்கிய ஒரு மங்கலான பட்டையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அது கண் ஏமாறுவதால் வரும் தோற்றம். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில் இதைப் பார்க்க ஓர் உபாயம் செய்தார். தந்தியைக் கறுப்பாக்கி அதில் ஒரு மாவுத் துகளை ஒட்டினார். அதைப் பார்க்கும் நுண்ணோக்கியின் வில்லையை ஓர் இசைக்கவையின் காலில் பொருத்தி, வில்லையையும் சேர்த்து அதிரவிட்டார். இரண்டு அதிர்வும் ஒன்றோடொன்று குறுக்கிட்டதில் துகள் போகும் பாதை ஓர் அசையாத கோடாக அவர் கண்ணில் நின்றது. அதிலிருந்து அவர் கண்டது: எந்தக் கணத்திலும் தந்தி இரண்டு நேர்கோடுகளாகவே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூர்மையான ஒரு முடக்கு. அந்த முடக்குதான் குதிரைக்கும் விரலுக்கும் இடையே ஓடி ஓடித் திரும்புகிறது. சுரம் 311 என்றால் நொடிக்கு 311 சுற்று. முடக்கு வில்லைத் தாண்டி விரல் பக்கம் போயிருக்கும் நேரமெல்லாம் தந்தி வில்மயிரோடு ஒட்டிக்கொண்டே நகர்கிறது. முடக்கு வில்லைக் கடக்கும்போது சட்டென்று வழுக்கித் திரும்புகிறது. ஒட்டல், வழுக்கல், மீண்டும் ஒட்டல். வில் ஒரே திசையில் போனாலும் தந்தி முன்னும் பின்னும் ஆடும் சூட்சுமம் இதுதான்.

இதற்கு மேல் கணக்கைக் கொண்டுபோனவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். அவர் தந்தை சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். ராமன் ஒளிச்சிதறலில் இறங்குவதற்கு முன் கல்கத்தாவில் பல ஆண்டுகள் இந்த ஒட்டல்–வழுக்கலிலேயே மூழ்கிக் கிடந்தார். 1918இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அவருடைய நீண்ட ஆய்வைத் தனி வெளியீடாகவே கொண்டுவந்தது. அடுத்து அவர் ஓர் இயந்திரமும் செய்தார். மனிதக் கையை நம்பினால் அழுத்தத்தை அளக்க முடியாது என்பதால், வில்லை ஓர் இடத்தில் நிறுத்தி, வயலினையே சீரான வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டும் இயந்திரம். இந்த வேகத்தில், குதிரையிலிருந்து இவ்வளவு தூரத்தில், இன்ன சுரத்தை நிறுத்தக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அதில் எடை வைத்தே அளந்தார். வேகம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டியிருந்தது. வயலின் பெட்டி தானாகவே அதிர விரும்பும் சுரங்களில் அழுத்தம் இன்னும் கூட வேண்டியிருந்தது. பெட்டி தந்தியிடமிருந்து சக்தியை அங்கே அதிகமாக இழுத்துக்கொள்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

ராமன் அளந்தது கீழ்வரம்பை. மேல்வரம்பு ஒன்றும் உண்டு. அளவு மீறி அழுத்தினால் முடக்கு வந்து தட்டினாலும் தந்தி வில்லைவிட்டு வழுக்காது. நாதம் உடைந்து கரகரப்பாகும். 1973இல் ஜான் ஷெல்லெங் இரண்டு வரம்புகளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர், செல்லோ வாசிப்பவர். இரண்டு கோடுகளுக்கு இடையில் உள்ள இடம்தான் வாசிப்பவரின் கை புழங்கும் இடம். அந்த இடம் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தந்தியின் ஒரு குணம். அதை இங்கே அலைமறுப்பு என்று அழைக்கிறேன். தாம்புக் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி மறுமுனையை உதறிப்பாருங்கள். பிறகு மெல்லிய சணல் கயிற்றை அதேபோல் உதறிப்பாருங்கள். தாம்பு கையை எதிர்க்கிறது. கம்பத்தையும் ஓர் ஆட்டு ஆட்டுகிறது. சணல் கைக்குத் தெரியாமலே அலைகிறது, கம்பம் அசைவதேயில்லை. அந்த எதிர்ப்புதான் அலைமறுப்பு. கனமும் இழுவிசையும் கூடினால் அதுவும் கூடும்.

குதிரையைத் தந்தி எவ்வளவு பலமாக உலுக்குகிறது என்பதும், உடையாமல் எவ்வளவு வில் அழுத்தத்தைத் தாங்குகிறது என்பதும் அலைமறுப்பைப் பொறுத்தே இருக்கின்றன. ஒரே தந்தியைச் சுருதி இறக்கினால் அலைமறுப்பும் சுரத்தோடு அதே விகிதத்தில் இறங்குகிறது. நம் முதல் தந்தி 659இலிருந்து 466க்கு வந்தபோது, அதே வில் வேகத்துக்கு அது குதிரைக்குக் கொடுக்கும் உலுக்கல் 10க்கு 7 ஆகிவிட்டது. ஒலி குறைந்ததே என்று கை தானாக அழுத்துகிறது. ஆனால் தாங்கக்கூடிய அழுத்தமும் 10க்கு 7 ஆகியிருக்கிறது. சுரம் பிசிறுவது அங்கேதான். கையில் குற்றமில்லை.

அப்படியானால் தடித்த தந்தி போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். பாதி வழி சரி. மீதி வழியில் விறைப்பு என்ற தடை நிற்கிறது.

ச-ப-ச-ப சுருதியில் நாலாவது தந்தியின் ஸட்ஜத்துக்கும் முதல் தந்தியின் பஞ்சமத்துக்கும் சரியாக மூன்று மடங்கு வித்தியாசம். ஒரே இழுவிசையில் இரண்டையும் நிறுத்த வேண்டுமானால் நாலாவது தந்தி ஒன்பது மடங்கு கனமாக இருக்க வேண்டும். ஒரே பொருளால் செய்தால் விட்டம் மூன்று மடங்கு. வளைக்கும்போது காட்டும் விறைப்போ விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுவது. ஆக 81 மடங்கு. அவ்வளவு விறைத்த தந்தியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட கூர்மையான முடக்கு நிற்காது, மழுங்கிவிடும். முடக்கு மழுங்கினால் உயர்ந்த மேற்சுரங்கள் மறைந்து, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். மேற்சுரங்கள் என்பவை அடிப்படை அதிர்வின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று அதோடு சேர்ந்தே ஒலிப்பவை. ஒரு வாத்தியத்தின் குணமே அவற்றின் கலவையில்தான் இருக்கிறது.

கனம் வேண்டும், விறைப்பு கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பெற 17ஆம் நூற்றாண்டில் ஒரு வழி கிடைத்தது. குடல் நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் 1664இலேயே அப்படிப்பட்ட தந்திகளைப் பற்றி அறிவித்திருக்கிறார். இசைக்கருவிகளின் வரலாற்றில் இதைவிடப் புத்திசாலித்தனமான சின்னக் கண்டுபிடிப்பு குறைவு என்பது என் எண்ணம். சுருளாகச் சுற்றிய கம்பி கனத்தைத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றிலிருந்து விலகிக்கொடுப்பதால் வளைவதற்கு இடைஞ்சல் செய்வதில்லை.

இன்றைய தந்தியும் அதே கட்டுமானம்தான். கழற்றிப்போட்ட பழைய ஏ தந்தி ஒன்று இருந்தால் அதை நகத்தால் உரித்துப் பாருங்கள். முனையில் வண்ணப் பட்டுநூல். இன்ன நிறுவனத்தின் இன்ன தந்தி என்று அடையாளம் காட்டுவது அந்த நிறம். அதை அடுத்து அலுமினியம், நாடாபோலத் தட்டையாக, விரலுக்கு வழவழப்பாக இருக்கும்படி சுற்றப்பட்டது. நாடாவைப் பிரித்துக்கொண்டே போனால் உள்ளே வெண்மையான இழைகளின் கற்றை. செயற்கை உள்ளிழைத் தந்தி என்கிறோமே, அந்த உள்ளிழை இது. முதல் விரல் விழும் இடத்தில் மட்டும் அலுமினியம் சாம்பல் பூத்துச் சொரசொரப்பாக இருக்கும். வியர்வை அரித்த இடம். விரல் வழுக்குவதற்காக நாம் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெயும் சுற்றுகளுக்கு இடையே அழுக்கோடு இறங்கி அடைத்துக்கொள்கிறது. தந்தியின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிட்டால், வெறுந்தந்தியில் சேர்ந்து ஒலிக்கும் ஸட்ஜமும் பஞ்சமமும் மேலே ஒரே விரலை இரண்டு தந்திமீதும் வைக்கும்போது சேர்வதில்லை. தந்தி அறுகிறவரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நாலாவது தந்திக்கு மேற்சுரங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த காரணம் அது. தந்தி மிக மெல்லியது. காற்றைத் தள்ளும் பரப்பு அதற்கு இல்லை. நமக்குக் கேட்பதெல்லாம் குதிரை வழியாக ஆட்டிவைக்கப்பட்ட மரப்பலகைகளும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் போடும் ஒலி. அந்தக் காற்று எஃப் வடிவத் துளைகள் வழியாக நொடிக்குச் சுமார் 275 முறை மூச்சுவிடத் தோதாக இருக்கிறது. மரத்தின் முக்கியமான அதிர்வுகள் 400க்கும் 550க்கும் இடையில். 200க்குக் கீழே பெட்டி ஏறக்குறைய ஊமை. இரண்டரைக் கட்டை மந்தர ஸட்ஜம் 156. ஆக, அந்தச் சுரத்தின் அடிப்படை அதிர்வு அரங்கத்துக்குள் வருவதே சொற்பம்.

ஆனாலும் மந்தர ஸட்ஜம் நமக்குக் கேட்கிறதே. 1841இல் ஆகஸ்ட் சீபெக் என்பவர் சுழலும் துளைத்தட்டில் காற்றை ஊதிச் செய்த சோதனைகளிலிருந்து இந்த விந்தை தெரியவந்தது. அடிப்படை அதிர்வு மிகவும் மெலிந்திருந்தாலும், மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டே காது சுரத்தை நிர்ணயித்துக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையும் கடத்தாது. ஆணின் பேச்சுக்குரலோ 100, 130 என்ற அளவில் இருக்கிறது. இருந்தும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது. நம் ஸட்ஜத்திலும் இரண்டு மடங்கு மேற்சுரம் 311, மூன்று மடங்கு 466, நான்கு மடங்கு 622. பெட்டி நன்றாகப் பேசும் இடத்திலேயே இவை வரிசையாக விழுகின்றன. இவை பலமாக இருந்தால் காது 156ஐ முழுமையாகக் கட்டிக்கொள்கிறது. ஆக, மந்தரத்துக்குக் ‘கனமான குரல்’ வேண்டும் என்று மந்தமான தந்தியைத் தேடுவது தலைகீழ் வைத்தியம். நாலாவது தந்தி நல்ல கனத்தோடு, எளிதில் வளைந்து, மேற்சுரங்களைத் தெளிவாகத் தர வேண்டும். வெள்ளி சுற்றிய தந்திகள் இங்கே நிற்பதற்குக் காரணம் வெள்ளியின் அடர்த்தி. அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே கனத்துக்கு மெல்லிய சுற்று போதும். டங்ஸ்டன் வெள்ளியையும் மிஞ்சியது.

உள்ளிழை எதனால் ஆனது என்பதில் கமகத்துக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. எஃகு மிகக் கொஞ்சமே நீளும். பிருடையை ஒரு மயிரிழை திருகினால் எஃகுத் தந்தியின் சுருதி பாய்ந்துவிடும்; வால்பக்கத்தில் நுண்திருகி வைப்பது இதனால்தான். விரலால் தந்தியை அழுத்தும்போதும் தந்தி சற்று நீள்கிறது. எஃகு உள்ளிழையில் அந்தச் சின்ன நீட்சிக்கே இழுவிசை கணிசமாக ஏறும். தந்தி ஏற்கெனவே தளர்ந்திருந்தால், ஏறிய அளவு இருக்கும் இழுவிசையில் பெரிய பங்காகிவிடும். விரல் அழுத்தம் கூடக்குறையச் சுரம் தடுமாறும். ஒரு சுரத்தை அசைக்கும்போது விரல் அழுத்தம் ஒரே சீராக நிற்பதில்லை என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். நைலான் வகை உள்ளிழை நெகிழ்ந்து கொடுப்பதால் இந்தத் தடுமாற்றம் அதில் குறைவு. குடல் உள்ளிழையும் நெகிழ்வதுதான், நாதமும் வளமானது. ஆனால் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சுருதி மாறும். மார்கழி மாலையில் வெளியே ஈரம், அரங்கத்துக்குள் குளிர்சாதனத்தின் வறட்சி என்றால் கச்சேரி நடுவே பிருடையோடு போராட வேண்டியிருக்கும். வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனம் 1970இல் டாமினன்ட் தந்தியைக் கொண்டுவந்ததும் உலகம் முழுவதும் வாசிப்பவர்கள் பெரும் எண்ணிக்கையில் செயற்கை உள்ளிழைக்கு மாறியதற்கு, ஈரத்தால் எளிதில் சுருதி மாறாத அதன் நிதானம் முக்கியக் காரணம்.

இனி கடைக்குப் போகலாம். தந்திப் பெட்டிகளில் மென்மை, நடுத்தரம், வலிமை என்று மூன்று இறுக்கங்கள் குறித்திருக்கும். நம் ஆசிரியர்கள் சிலர் வலிமை வகையை வாங்கச் சொல்வது சரியான திசைதான். ஆனால் நடுத்தரத்துக்கும் வலிமைக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற அளவுதான். முதல் இரண்டு தந்திகள் இழுவிசையில் பாதியை இழந்து நிற்கும்போது பத்து சதவீதம் ஈடாகாது.

கணக்கு வேறு வழி காட்டுகிறது. தந்தியின் பெயரை மறந்துவிட்டு, நம் சுருதியில் அது எத்தனை கிலோ இழுக்கும் என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டரைக் கட்டையில் முதல் தந்தி நிற்கும் பஞ்சமம் 466. ஏ தந்திக்கு உரிய சுரம் 440. ஆக, முதல் தந்தியின் இடத்தில் ஓர் ஏ தந்தியைப் போட்டால் அது அரைச்சுரம் மட்டும் ஏறி, 6 கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கும். தளர்த்திய ஈ தந்தி இழுப்பது 4 கிலோவுக்கும் கீழே. அதேபோல் இரண்டாம் தந்தியின் இடத்தில் டி தந்தி போட்டால் 5 கிலோ நிற்கும். மூன்றாவது இடத்தில் இந்த உபாயம் செல்லாது. ஜி தந்தியை அங்கே போட்டால் மூன்று அரைச்சுரம் ஏற்ற வேண்டும், இழுவிசை 40 சதவீதம் கூடும், தந்தி அறுபடலாம். அங்கே டி தந்தியின் வலிமை வகையோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஒரு கட்டைக்கு வாசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்கிறது. ஐந்து தந்தி வயலினுக்காக, வயலின் நீளத்திலேயே சி தந்தி என்று ஒன்று விற்கிறது. சி, ஜி, டி, ஏ என்ற நான்கையும் மாட்டிப் பாருங்கள். ஒரு கட்டையின் மந்தர ஸட்ஜம் அந்த சிதான். அதன் பஞ்சமம் ஜி. இரண்டும் தத்தம் இடத்திலேயே நிற்கும். மேல் இரண்டும் ஒரு முழுச்சுரம் மட்டும் இறங்கும். ஐந்து கட்டைக்கு சாதாரண ஜி, டி, ஏ, ஈ எப்படி அமைகிறதோ, ஒரு கட்டைக்கு சி, ஜி, டி, ஏ அச்சாக அப்படியே அமைகிறது. 9 கிலோவாக இருந்த மொத்தம் 17 கிலோவாகிறது. ஆனால் முதல் தந்தியில் எஃகு ஈயின் பளிச்சென்ற ஒளி இருக்காது. சுற்றிய ஏ தந்தியின் குணம் வேறு, சற்றே வட்டமானது. எனக்கு அது குரலுக்கு நெருக்கமாகப் படுகிறது. பிடிக்காதவர்களும் இருப்பார்கள். தடித்த தந்தி புழங்கக் குதிரையிலும் மேல்முனையிலும் உள்ள பள்ளங்களைக் கைவினைஞரிடம் கொடுத்து அகலப்படுத்தவும் வேண்டும்.

இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நாதமும் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். தந்தியின் அலைமறுப்பு பெட்டியின் எதிர்ப்பை நெருங்கிவிட்டால், பெட்டி பலமாக அதிரும் ஒரு சுரத்தில் இரண்டும் ஒன்றையொன்று மாறி மாறி இழுத்து ஒலி விம்மித் திக்கும். மேற்கில் இதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். செல்லோவில் அடிக்கடி வரும் தொல்லை. ராமன் 1916இலேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். மெல்லிய பலகை கொண்ட வயலின்களில் கனமான தந்தி இதைக் கிளப்பிவிடக்கூடும். வயலின் வித்வான் மைசூர் சௌடய்யா, அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று தந்தி இறுக்கத்தை நம்பாமல், தந்திகளின் எண்ணிக்கையை ஏழாக்கியது வேறொரு வழி. மேல் தந்திகளுக்குத் துணையாக ஸ்தாயி மாற்றிய தந்திகளைச் சேர்த்தார். மேற்சுரங்களைத் தனித் தந்தியாகவே கட்டிவிட்ட மாதிரி அது.

தந்திகளை மாற்றும்போது ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். தந்திகள் குதிரையைக் கீழே அழுத்தும் விசை, மேற்கத்திய சுருதியில் 8, 9 கிலோ. பெட்டிக்குள் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சிக்குப் பசை கிடையாது. அந்த அழுத்தம்தான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குச்சி சாய்ந்துவிடலாம். புதிய தந்திகளை ஏற்றும்போது குதிரையின் தலை பிருடைப் பக்கம் இழுபடும்; அவ்வப்போது இரு கையாலும் பிடித்து நிமிர்த்திக்கொள்ள வேண்டும். செயற்கை உள்ளிழை சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். அது அடங்கும்வரை தீர்ப்புச் சொல்லக்கூடாது.

தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் காதைவிட விலைச்சீட்டு பலமாகப் பேசும். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிளாடியா ஃபிரிட்ஸும் அவர் குழுவினரும் தேர்ந்த வாசிப்பாளர்கள் 21 பேரிடம், கண்ணுக்குத் தெரியாதபடி ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒரு குவார்னேரி, மூன்று புதியவை. மிக அதிகம் பேர் விரும்பியது ஒரு புது வயலினை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். வயலினுக்கே இப்படி என்றால் தந்திக்குச் சொல்லவேண்டியதில்லை. பழைய தந்தியிலும் புதிய தந்தியிலும் ஒரே சங்கதியை, ஒரே சுருதியில், கைபேசியை ஒரே தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மந்தர ஸட்ஜத்தில் ஒரு நீண்ட வில், மத்யஸ்தாயியில் காம்போதியின் ஒரு பிடி, முதல் தந்தியில் நன்றாக அழுத்திய ஒரு பஞ்சமம், இவை மூன்றும் போதும். எது எது என்று சொல்லாமல் பதிவுகளைக் கலைத்துப் போடும்படி வீட்டில் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடித்து, எது பிடித்தது என்று எழுதிவைத்த பிறகு பெயரைப் பாருங்கள்.